ஜூன் பதினொன்றாம் தேதி மழை

1953 ஜூன் 7 — 5.3
ஜூன் 8 — 0.0
ஜூன் 9 — 0.0
ஜூன் 10 — 2.1
ஜூன் 11 — 0.4
ஜூன் 12 — 86.2
ஜூன் 13 — 11.7
ஜூன் 14 — 0.0
ஜூன் 15 — 0.0
கூட்டுத்தொகை — 105.7

எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. வெர்பிட்சா நகர வானிலை நிலையத்தின் மாதப் பட்டியலிலிருந்து மாவட்ட நீதிமன்றத்துக்காக நான் எடுத்துக் கொடுத்த நகல் இது. மூலத்தோடு மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை வைத்தேன். எண்களில் பிழை கிடையாது. இதை வைத்துத்தான் மதகுக்காரன் ராதிவோய் மிர்கோவுக்குப் பத்து வருடம் தண்டனை விதித்தார்கள்.

நான் சொல்ல வந்தது அவனுடைய அக்கா லெபோசாவாவின் கதையை. அந்த எண்களை எழுதியவள் அவள்.

எங்கள் நகரத்தில் வானிலை பார்த்த இடங்கள் மொத்தம் ஐந்து. முதலாவது பிரான்சிஸ்கன் துறவிகளின் தோட்டம், 1857-இல் தொடங்கியது. அங்கே மழையை அளந்த துறவி எழுதி வைத்த குறிப்புகளில் பாதி திராட்சைக் கொடியைப் பற்றியவை. இரண்டாவது ஆண்கள் பள்ளியின் கொல்லை, 1871. மூன்றாவது, முதல் யுத்தத்துக்குப் பிறகு, தீயணைப்புக் கோபுரத்தின் மொட்டைமாடி. அந்த உயரத்தில் காற்று மழையை வாரிக்கொண்டு போய்விடும். ஆகவே அந்தப் பதினைந்து வருடமும் எங்கள் நகரம் ஏட்டில் வறண்ட நகரம். நான்காவது பெண்கள் பள்ளி முற்றம், 1934. ஐந்தாவது நகரத்துக்குக் கிழக்கே ஒன்பது கிலோமீட்டரில், மலையடிவாரத்தில் இருந்த புல் விமானத்தளம். அங்கே கருவிகளை மாற்றியது 1953 ஏப்ரல் 1, புதன்கிழமை.

இடம் மாறினாலும் முதல் நான்கு நிலையங்களிலும் ஒரு வழக்கம் மாறவில்லை. மழைமானியில் சேர்ந்த தண்ணீரைத் தினமும் காலை ஏழு மணிக்கு அளப்பார்கள். ஏழு மணிக்கு அளக்கிற தண்ணீரில் பெரும்பகுதி முந்தின நாள் பெய்ததுதானே. அதனால் அதை முந்தின நாள் வரியில் எழுதுவார்கள். துறவி அப்படி எழுதினார், பள்ளி ஆசிரியர் எழுதினார், தீயணைப்புக்காரர் எழுதினார். லெபோசாவா 1937-இல் தன் பத்தொன்பதாவது வயதில் வேலைக்கு வந்தபோது அப்படியே எழுதப் பழகினாள்.

விமானத்தளத்துக்குப் போனபோது விதி மாறியது. அளந்த நாள் எதுவோ, அந்த நாள் வரியில்தான் எழுத வேண்டும் என்று தலைநகரத்தில் முடிவு செய்தார்கள். அச்சடித்த விதிப் புத்தகம் எங்களுக்கும் வந்தது. அதில் அந்த வாக்கியம் முப்பத்தோராம் பக்கத்தில், பனியை உருக்கி அளப்பது எப்படி என்ற பத்திக்கு நடுவில் இருந்தது. லெபோசாவா அதைப் பார்க்கவில்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் பழைய வழக்கப்படியே எழுதி அனுப்பினாள்.

அவள் நல்ல உயரம், ஒல்லி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்தது அவள்தான். புதிய நிலையத்துக்கு அவள் விரும்பியே போனாள், ஏனென்றால் தம்பி வேலை பார்த்த ஸ்லத்தீனா ஓடையின் மதகு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து பீன்ஸ் சூப் குடிப்பார்கள். ராதிவோய் சத்தமாகப் பேசுகிறவன். "எங்க அக்கா மழையை அளப்பா, நான் அதைத் திறந்து விடுவேன், குடும்பத் தொழில்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வான்.

என் மேசை நகரத்தில், பெண்கள் பள்ளியிலேயே தங்கிவிட்ட அலுவலகத்தில் இருந்தது. தபால், பதிவேடு, பட்டியல் நகல் எல்லாம் என் பொறுப்பு. திங்கட்கிழமைதோறும் சைக்கிளில் விமானத்தளத்துக்குப் போய்த் தபால் கொடுத்துவிட்டு வருவேன்.

ஜூன் 8, திங்கட்கிழமை. தலைநகரத்திலிருந்து லெபோசாவாவைக் கண்டித்து ஓர் அஞ்சல் அட்டை வந்திருந்தது. உறை இல்லாத அட்டை என்பதால் படித்துவிட்டேன். எங்கள் மேலாளர் பாங்கோவ் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்காக விடுப்பில் போயிருந்தார். அவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எந்தத் தபாலையும் பதிவேட்டில் ஏற்றக்கூடாது என்பது விதி. அதனால் அட்டையை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, விஷயத்தை மட்டும் அவளிடம் வேலிக்கு வெளியே நின்றபடி சொன்னேன்.

"லெபா, தலைநகரத்துல உனக்குப் பாட்டு விழுந்திருக்கு."

"எதுக்காம் தோஷா அண்ணே? நான் என்ன பண்ணேன்?"

"மழையை முந்தின நாள் வரியில எழுதுறியாம். அளந்த அன்னைக்கே எழுதணுமாம்."

"நேத்துப் பெஞ்ச மழையை இன்னைக்குப் பெஞ்சதுன்னு எழுதுனா அது பொய் இல்லையா?"

"பொய்யோ மெய்யோ, விதி அப்படி."

"சரி, நாளையில இருந்து நானும் பொய் சொல்றேன்." சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "இன்னைக்குக் காலையில அளந்ததை ஏழாம் தேதியில எழுதிட்டேன். நாளைக்கு அளக்கிறது ஒன்பதாம் தேதிக்குப் போயிரும். அப்போ எட்டாம் தேதி வரி காலியா நிக்குமே?"

"காலியா விட்டா பட்டியலைத் திருப்பி அனுப்புவானுங்க. மழை இல்லாட்டி சைபர் போட்டுரு."

மறுநாள் மழைமானி காய்ந்து கிடந்தது. அவள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் சேர்த்து இரண்டு சைபர் போட்டாள். பழைய வழக்கத்திலிருந்து புதிய வழக்கத்துக்கு மாறியதற்கு ஏட்டில் இருந்திருக்க வேண்டிய ஒரே தடயம் அந்தக் காலி வரி. அதை நிரப்பச் சொன்னது நான்.

ஜூன் 11, வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கு அவள் 0.4 அளந்து எழுதினாள். அதற்குப் பிறகுதான் மலையடிவாரத்தில் மழை பிடித்தது. விமானத்தளத்திலும் மதகிலும் ஓடையின் மேல்பகுதியிலும் பொழுது சாயும்வரை கொட்டியது. ஒன்பது கிலோமீட்டர் மேற்கே நகரத்தில் நாங்கள் சட்டைக்கையை மடித்துவிட்டு வெயிலில் நடந்தோம். நகரத்தில் மழை தூறியது மறுநாள் வெள்ளிக்கிழமைதான்.

மத்தியானம் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. கரை உடைந்தால் நகரத்தின் தாழ்ந்த பாதி போய்விடும். ராதிவோய் கீழே இருந்த செங்கல் சூளைக்குத் தொலைபேசியைச் சுற்றிப் பார்த்தான், கம்பி செத்திருந்தது. ஊதுகொம்பை ஊதினான். இரண்டு மணிக்கு மதகைத் திறந்தான். சூளைக் குடிசைகளில் ஏழு பேர் செத்தார்கள். மதகுக் கூண்டும் அதிலிருந்த நீர்மட்டக் குறிப்பேடும் அதே தண்ணீரில் போயின.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லெபோசாவா மழைமானியை அளந்தாள். 86.2. புதிய விதிப்படி அளந்த நாளான பன்னிரண்டாம் தேதி வரியில் எழுதினாள். தம்பியைப் போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போனது அதற்கு ஒரு மணி நேரம் கழித்து.

அக்டோபரில் வழக்கு நடந்தது. அரசு வழக்கறிஞர் என் நகலைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது சுருக்கமானது: பதினொன்றாம் தேதி பெய்தது 0.4 மில்லிமீட்டர், புழுதி அடங்கக்கூடப் போதாது; பெருமழை பன்னிரண்டாம் தேதி; மழை வருவதற்கு ஒரு நாள் முன்பே இந்த ஆள் மதகைத் திறந்து ஏழு பேரைக் கொன்றிருக்கிறான். அவர் ராதிவோயைப் பார்த்துக் கேட்டார்:

"குடிச்சிருந்தியா?"

"இல்லைங்க. மழையில நனைஞ்சிருந்தேன்."

"எந்த மழை? நகரத்துல முப்பது பேர் சத்தியம் பண்ணியிருக்காங்க, வியாழக்கிழமை ஒரு சொட்டு விழலன்னு."

முப்பது பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். மலைமேல் ஆடு மேய்க்கிற இருவரைக் கூப்பிட்டார்கள். ஒருவர் வியாழன் என்றார், மற்றவர் வெள்ளி என்றார். விமானத்தளத்தில் அந்தக் கோடை முழுவதும் விமானம் எதுவும் இறங்கவில்லை. காவலாளி அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அங்கே மழையைப் பார்த்தவள் லெபோசாவா ஒருத்திதான்.

அவள் எழுந்து நின்று விதியை விளக்கினாள். பன்னிரண்டாம் தேதி வரியில் இருப்பது பன்னிரண்டாம் தேதி காலையில் அளந்தது, அதாவது பதினொன்றாம் தேதி பெய்தது என்று நிதானமாகச் சொன்னாள். நீதிபதிக்கு அது புரிந்தது. அவர் தலைநகரத்திலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்.

நிபுணர் ஏப்ரல், மே மாதப் பட்டியல்களை விரித்தார். இரண்டிலும் அவள் பழைய வழக்கப்படி முந்தின நாள் வரியில் எழுதியிருந்தாள். "இந்தம்மா ஜூன்லயும் அப்படித்தான் எழுதியிருந்தா, பன்னிரண்டாம் தேதி வரியில இருக்கிறது பதிமூணாம் தேதி காலையில அளந்தது. அப்போ மழை பெஞ்சது பன்னிரண்டுதான். இவங்க எப்போ மாறினாங்கன்னு தெரியணும்" என்றார். கண்டன அட்டை எப்போது வந்தது என்று பார்க்க என் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

பாங்கோவ் விடுப்பு முடிந்து வந்தது ஜூன் 15. அன்று அவர் அட்டையில் கையெழுத்துப் போட்டார், அன்றைய தேதியிலேயே நான் பதிவேட்டில் ஏற்றினேன். வரிசை எண் 212. அட்டையில் தேதி எழுதியிருக்கவில்லை, தபால் முத்திரையும் மங்கிக் கிடந்தது.

"இது உங்க கையெழுத்துதானே?" நிபுணர் கேட்டார்.

"ஆமா."

"உங்க பதிவேட்டுல எங்கயாவது தேதி தப்பா இருக்குமா?"

"இருக்காதுங்க."

"அப்போ அட்டை ஜூன் பதினஞ்சு."

பதிவானது பதினைந்து, கைக்கு வந்தது எட்டு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அரசாங்கத் தபாலைப் பதியாமல் ஒரு வாரம் மேசையில் வைத்திருந்தேன், அதிலிருந்ததை ஊழியரிடம் வெளியே நின்று பேசினேன் என்று ஆகும். அந்த வருடம் அது வேலையை மட்டும் பறிக்கிற குற்றம் இல்லை. இதையெல்லாம் நான் அந்த நேரத்தில் வரிசையாக நினைத்தேன் என்று சொல்லமாட்டேன்.

"பதிவேட்டுல இருக்கிறது பதினஞ்சு" என்றேன்.

"நன்றி, உட்காருங்க."

லெபோசாவா எழுந்து, "எட்டாம் தேதியே இவர் எங்கிட்ட சொன்னார்" என்றாள். குற்றவாளியின் உடன்பிறந்தவள் சொல்வதை ஆவணத்துக்கு எதிராக எடுக்க முடியாது என்று நீதிபதி சொன்னார். அவர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டின் மேலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே நடைபாதையில் அவள் என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"தண்ணி குடிங்க தோஷா அண்ணே. முகம் வெளுத்துப் போச்சு" என்றாள்.

தீர்ப்பு பத்து வருடம். ராதிவோயைப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். ஏப்ரல், மே மாதங்களில் தவறான வரியில் எழுதியதற்காக லெபோசாவாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவள் நகர மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள்.

அவளுக்கு மிஞ்சியது ஒரே ஒரு வழி. பட்டியலில் எண் மட்டும்தான் இருக்கும். நாட்குறிப்பேட்டில் மழை தொடங்கிய நேரம், நின்ற நேரம் எல்லாம் இருக்கும். ஜூன் மாத நாட்குறிப்பேட்டை வழக்கப்படி ஜூலை முதல் வாரத்தில் தலைநகரத்துக்கு அனுப்பியிருந்தோம். வழக்கின்போது அவள் அதைக் கேட்டாள், பட்டியலே போதும் என்று நீதிபதி அதை வரவழைக்கவில்லை. அனுப்புவதற்கு முன் அதிலிருந்து பட்டியல் எடுத்தது நான்தான். பதினொன்றாம் தேதிக்கு எதிரே அவள் கையெழுத்தில் "காலை 8.10 முதல் பலத்த மழை, மாலை 7.40 வரை" என்று இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். நீதிமன்றம் கேட்ட நகல் படிவத்தில் குறிப்புகளுக்குக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததை நான் எழுதவில்லை.

அந்தப் பக்கம் கிடைத்தால் வழக்கைத் திரும்ப நடத்தலாம் என்று ராதிவோயின் வழக்கறிஞர் சொன்னார். லெபோசாவா தலைநகரத்துக்கு எழுதத் தொடங்கினாள். முதல் பதில் நான்கு மாதம் கழித்து வந்தது: தனிநபர்களுக்குத் தரமுடியாது, நிலையத்தின் மூலமாக விண்ணப்பிக்கவும். அவள் பாங்கோவின் அறைக்கு வந்தாள். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"தோழர் மேலாளர், ஒரு கையெழுத்துதான் கேக்குறேன்."

"உனக்குப் புரியலம்மா. நான் கேட்டா, எதுக்குக் கேக்குறேன்னு எழுதணும். நீதிமன்றம் சொன்னதை நம்பலன்னு எழுதணும். எனக்கு ரெண்டு பிள்ளைங்க படிச்சுக்கிட்டிருக்கு."

"நான் கேக்குறது மழை எத்தனை மணிக்குப் பெஞ்சதுன்னு. அரசாங்கத்தைப் பத்தி ஒண்ணும் கேக்கல."

"அஞ்சு வருஷம் போகட்டும். அப்புறம் யாருக்கும் ஞாபகம் இருக்காது, சுலபமா வாங்கிடலாம்."

"அஞ்சு வருஷம் அவன் மண்ணுக்குள்ள இருப்பானே தோழர்."

பாங்கோவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்கும்போது அவள் போயிருந்தாள்.

1955 மார்ச்சில் நான் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். அட்டை எட்டாம் தேதி வந்தது, அன்றே அவளிடம் சொன்னேன், நாட்குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன் என்று மூன்றையும் எழுதினேன். என்னை எழுத்துமூலம் கண்டித்தார்கள், வேறொன்றும் செய்யவில்லை; காலம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. வாக்குமூலத்தைப் பற்றி வந்த பதில் இரண்டு வரி: இந்தக் கூற்று, இதே நபர் தன் கைப்படப் பராமரித்த பதிவேட்டுக்கு முரணாக உள்ளது, பதிவேட்டில் தவறே இருக்காது என்று இவரே நீதிமன்றத்தில் கூறியுள்ளார்.

நான் அதை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சலவைக்கூடத்தின் ஆவியில் காகிதம் துவண்டது. படித்துவிட்டு, "ரெண்டு வருஷம் முன்னாடி இதைச் சொல்லியிருக்கலாம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதற்குப் பிறகு ஒருபோதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ராதிவோயை மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பாள். புகைபோட்ட இறைச்சியும் வெங்காயமும் எடுத்துப் போவாள். ஒவ்வொரு முறையும் அவன் இருமல் நீண்டிருந்தது. பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

1958 இலையுதிர்காலத்தில் சந்தையில் ஒன்று நடந்தது. எனக்கும் சேர்த்து மிளகாய் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாள், அதனால் நானும் கூடப் போனேன். மிளகாய் விற்றது எர்ஜி என்ற அங்கேரியப் பெண். சூளையில் புருஷனையும் மகளையும் பறிகொடுத்தவள். லெபோசாவாவை அடையாளம் கண்டதும் தராசைக் கீழே வைத்தாள்.

"உனக்கு விக்க மாட்டேன். போ."

"எர்ஜி, அவன் திறக்கலன்னா கரையே போயிருக்கும். நகரமே..."

"நகரத்தைக் காப்பாத்த என் வீடுதான் கிடைச்சுதா அவனுக்கு?"

"அவன் கொம்பு ஊதினான். ஃபோன் பண்ணிப் பார்த்தான்."

"ஊதுனது கேட்டுச்சு. சூளை வேலையில யாரு அதைக் காதுல வாங்குறது? நான் மேட்டுல இருந்தேன். அன்னைக்குக் காலையில இருந்தே மலைப்பக்கம் கருப்பா இறங்கியிருந்துச்சு. என் பொண்ணு காயப்போட்ட துணியை எடுக்கவான்னு கேட்டா. அது மலையோட நின்னுக்கும், நமக்கு வராது, விடுன்னேன்."

லெபோசாவா அவள் கையைப் பிடித்தாள். மிளகாய்ச் சாக்கு சாய்ந்து கொட்டியது.

"வியாழக்கிழமை காலையிலயா? நீ பார்த்தியா? மலையில மழை இறங்குறதை நீ பார்த்தியா?"

"பார்த்தேன். கண்ணு இருக்கு எனக்கு."

"அதை எழுதிக் குடு எர்ஜி. ஒரே ஒரு வரி. நான் உன் கால்ல விழறேன்."

எர்ஜி கையை உருவிக்கொண்டாள். குனிந்து மிளகாயைப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். பாதி பொறுக்கியதும் நிமிராமலே பேசினாள்.

"எழுத மாட்டேன். எழுதுனா அவன் மேல தப்பில்லன்னு ஆயிரும். அவன் மேல தப்பில்லன்னா, என் பொண்ணைக் கொன்னது யாரு? மழையா? நான் துணியை எடுக்க வேணாம்னு சொன்னதா?"

லெபோசாவாவும் குனிந்து மிளகாய் பொறுக்கினாள். சாக்கு நிறைந்தது. பிறகு நாங்கள் மிளகாய் வாங்காமல் வந்தோம். அதற்குப் பிறகும் அவள் இரண்டு முறை எர்ஜியின் வீட்டுக்குப் போனாள். கதவு திறக்கவில்லை. 1960-இல் எர்ஜி எல்லைக்கு அப்பால் தன் தங்கையிடம் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம்.

1961 நவம்பரில், எட்டு வருடம் முடிந்து, ராதிவோயை நோயைக் காரணம் காட்டி விடுவித்தார்கள். அவனுக்கு நாற்பது வயது. ரயிலிலிருந்து இறங்கியவனை நான் முதலில் கண்டுகொள்ளவில்லை. அக்கா வீட்டின் சமையலறை ஜன்னலோரம் அவனுக்குக் கட்டில் போட்டார்கள். முதல் வாரத்தில் ஒரு நாள் ரொட்டி வாங்கப் போனான். கடையில் வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள், கடைக்காரரும் அவனும் மட்டும் மிஞ்சினார்கள். ரொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் அதற்குப் பிறகு வாசல் தாண்டவில்லை. உருளைக்கிழங்கு உரிப்பான், அடுப்பில் விறகு வைப்பான், இருமுவான். அவர்கள் குலப் புனிதரின் நாளுக்கு வழக்கமாக முப்பது பேர் வருவார்கள். அந்த வருடம் வந்தது நான் ஒருவன்தான். கோதுமைப் பதார்த்தத்தை மூன்று கரண்டியில் முடித்துவிட்டோம்.

"லெபா, விட்டுரு" என்று அன்று அவன் சொன்னான். "திறந்தது நான்தான். செத்தது ஏழு பேர். மழை எந்த நாள் பெஞ்சா என்ன?"

"மழை வரதுக்கு முன்னாடி திறந்தவன் நீ இல்ல. அது ஏட்டுல இருக்கு. அதை எடுத்து இந்த ஊருக்குக் காட்டணும்."

"ஊருக்கு எதுக்கு? நான் செத்தா குழி தோண்ட ரெண்டு பேர் வந்தாப் போதும்."

"அந்த ரெண்டு பேரும் வரமாட்டாங்கடா!" அவள் மேசையைத் தட்டினாள். கோப்பைகள் குதித்தன. "ரெண்டு மாசம் இந்தக் கை தப்பான வரியில எழுதுச்சு. அதுக்கு நீ எட்டு வருஷம் கரியைத் தின்ன. உன் பேர்ல இருக்கிறதைத் துடைக்காம நான் எப்படிடா சாகுறது?"

அவன் எழுந்து போய் அடுப்பைக் கிளறினான்.

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். 1953 நவம்பர் முதல் 1966 செப்டம்பர் வரை நாற்பத்து மூன்று கடிதங்கள். அவற்றுக்கு வந்த பதில்கள், கடைசியையும் சேர்த்து, பத்தொன்பது. 1957-இல் ஆவணங்கள் இடம் மாறுகின்றன என்றார்கள். 1959-இல் வேறு கட்டடம், 1961-இல் வகைப்படுத்துகிறோம் என்றார்கள். 1963-இல் வந்த பதிலில் நிலையத்தின் பெயரே தவறாக இருந்தது. 1965-இல் பாங்கோவ் ஓய்வு பெற்றார். புதிய மேலாளர் எந்தக் கேள்வியும் கேட்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அவள் பன்னிரண்டு வருடம் கெஞ்சியது அரை நிமிடத்தில் முடிந்தது. அவள் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

1966 செப்டம்பர் தொடக்கத்தில், மருத்துவர் ராதிவோயின் நுரையீரல் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வசந்தத்தைப் பற்றிப் பேசாமல் இருந்ததைக் கவனித்து, அவள் தலைநகரத்துக்கு நேரில் போனாள். நானும் கூடப் போனேன். ஆவணக் காப்பக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். விண்ணப்பத்தைப் பொறுமையாகப் படித்தாள்.

"ஐம்பத்து மூணு ஜூன். ஒரே ஒரு பக்கம்தானா வேணும், அம்மா?"

"ஒரே ஒரு வரி போதும் கண்ணு. நீயே எடுத்துப் பார்த்து எழுதிக் குடுத்தாலும் சரி."

"எதுக்குன்னு கேக்கலாமா?"

"என் தம்பிக்கு."

அந்தப் பெண் எழுந்து உள்ளே போய், அரை மணி நேரம் கழித்து வந்தாள். அந்த வருட அலமாரி கீழ்த்தளத்தில் இருப்பதாகப் பதிவில் இருக்கிறது, சாவி வைத்திருப்பவர் இல்லை, தானே இறங்கித் தேடி எழுதுகிறேன் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. ரயிலில் திரும்பும்போது லெபோசாவா எனக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தாள். அலமாரி இருக்கிறது என்று நான்கு முறை சொன்னாள். தம்பிக்கு ஒரு கோட்டு வாங்க வேண்டும், நீதிமன்றத்துக்குப் பழைய கோட்டோடு வரக்கூடாது என்றாள்.

பதில் வந்த அன்று நான் அவள் வீட்டில் இருந்தேன். தபால்காரர் வேலிக்கு மேலேயே நீட்டினார். அவள் ஈரக்கையைத் துடைத்துவிட்டு உறையைக் கத்தியால் கிழிக்காமல் ஓரமாகப் பிரித்தாள். கண்ணாடியைத் தேடினாள், கிடைக்கவில்லை. என்னிடம் கொடுத்தாள்.

நான் படித்தேன். 1948 முதல் 1959 வரையிலான நிலைய நாட்குறிப்பேடுகள், அவற்றிலுள்ள அளவுகள் யாவும் அச்சிட்ட ஆண்டுத் தொகுப்புகளில் முழுமையாக இடம்பெற்றுவிட்டதால், 1964 மார்ச் மாதம் காகித ஆலைக்குக் கூழாக்க அனுப்பப்பட்டன. கீழ்த்தள அலமாரி காலியாக உள்ளது. இது தகவலுக்காக. கீழே பேனாவால், அந்தப் பெண்ணின் கையெழுத்தாக இருக்க வேண்டும், "மன்னிக்கவும் அம்மா" என்று எழுதியிருந்தது.

அவள் நின்றுகொண்டே கேட்டாள். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"தோஷா அண்ணே" என்றாள். "நீங்க அந்தப் பக்கத்தைப் பார்த்தீங்கதானே. அதுல என்ன இருந்துச்சு, சொல்லுங்க."

"ஜூன் பதினொண்ணு. காலை எட்டு பத்து முதல் பலத்த மழை. மாலை ஏழு நாற்பது வரை."

"எட்டு பத்து இல்ல" என்றான் ராதிவோய் அடுப்படியிலிருந்து. "எட்டரை. நான் ரெண்டாவது காபி ஊத்திக்கிட்டிருந்தேன், அப்பத்தான் கூரையில விழ ஆரம்பிச்சுது."

அவள் தம்பியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எழுதியது அவள் கைதான். ஆனால் அவளுக்கே அது எட்டு பத்தா எட்டரையா என்று இப்போது தெரியவில்லை. என்னைக் கேட்டாள்.

எட்டு பத்து என்றுதான் பதின்மூன்று வருடமாக மனதில் வைத்திருந்தேன், வாக்குமூலத்திலும் அப்படித்தான் எழுதினேன். அந்தப் பக்கத்தை மனதில் கொண்டுவரப் பார்த்தேன். மை தெரிந்தது, அவள் சாய்வான எழுத்து தெரிந்தது. எண் தெரியவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

ராதிவோய் 1967 பிப்ரவரி 19-ஆம் தேதி இறந்தான். குழி தோண்டக் கூலிக்கு ஆள் பிடித்தேன். லெபோசாவா அதற்குப் பிறகு நான்கு வருடம் சலவைக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, 1971-இல் போய்ச் சேர்ந்தாள். தலைநகரத்துக்கு அவள் மறுபடி எழுதவில்லை, அங்கிருந்தும் எதுவும் வரவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 1966 அக்டோபர் 4, செவ்வாய்க்கிழமை.